மேடையில் மட்டும் வருவேன் என்றவள்

பிள்ளைகளே, நானும் உங்கள் அம்மாவும் கோயில் கொடை விழாக்களில் பாடியவர்கள். பிரிந்த கணவனும் மனைவியும் மாறி மாறி அழைக்கும் பாட்டுதான் எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது. என்னை விட்டுப் பிரிந்து, உங்களைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்தில் உள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகும், ஒப்புக்கொண்ட கச்சேரிக்காக அவள் அம்பாசமுத்திரம் வந்தாள். வீட்டில் என் முகம் பாராதவள், ‘உன்னோடு வருவேன்’ என்ற வரியை என் கண்ணைப் பார்த்துப் பாடினாள். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது. மறுபடியும் அப்படியே பாடினாள். நான் நம்பிவிட்டேன்.

மேடையை விட்டு இறங்கியதும், “பிள்ளையளக் கூட்டிட்டு வீட்டுக்கு வருதியா?” என்றேன்.

“அது பாட்டுல உள்ளது. வீட்டுல உள்ளது உங்களுக்குத் தெரியும்லா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

இப்போதும் அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள். வேறொரு பெண்ணோடு பாடுகிறேன். அந்த வரி வரும்போது தரையைப் பார்த்துக்கொள்கிறேன்.