நாலாவது தோட்டா

என் மனைவியின் அண்ணனுக்கு இந்த நாட்டில் நன்றாகச் செய்ய வந்த ஒரே காரியம் துவக்குச் சுடுவது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அவர் சுட்டதைப் பார்க்காதவர்கள். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவர். இங்கே குளிர்க் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மெல்பேர்னின் ஓரத்தில் நாங்கள் இருக்கும் கிரெய்கிபர்னிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வரும் சுடுகளத்தில், துவக்குச் சுடும் கழகம் ஒன்றின் இரவல் துவக்கால், தொள்ளாயிரம் மீற்றர் தள்ளியிருக்கும் பலகையின் கறுப்பு வட்டத்துக்குள் பத்துக்கு ஒன்பது போடுவார். புல்லுக்கு மேலே வெக்கை எந்தப் பக்கம் நெளிகிறது என்று பார்த்துக் காற்றைச் சொல்லிவிடுவார். ஐம்பது வயதில் அவருடைய முதுகில் ஆட்கள் தட்டிக்கொடுத்தது அங்கேதான்.

அந்தக் கழகம் வருட முடிவில் மற்றக் கழகங்களோடு போட்டியிட ஐந்து பேரை அனுப்பும். மச்சானையும் சேர்க்கலாம் என்று பேச்சு இருந்தது. ஆனால் இரவல் துவக்கோடு போக முடியாது, சொந்தமாக ஒன்று வேண்டும். செய்விப்பதென்று முடிவெடுத்தார்.

எந்தத் தோட்டாவுக்கு அதைச் செய்விப்பது என்று தேடிப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை ஒன்றில் பல வருடங்கள் செய்தி திருத்தியவன். பட்டியல் போட்டேன். தொள்ளாயிரம் மீற்றரில் எது எவ்வளவு கீழே இறங்கும், குறுக்குக் காற்றில் எவ்வளவு விலகும், சுடுகிறவனை எவ்வளவு உதைக்கும். கடைசி நிரல்தான் முக்கியம். கடைசிச் சண்டையில் செல் விழுந்து வெடித்தபோது மச்சானின் வலது தோளுக்குள் புகுந்த துண்டு ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. மெல்பேர்ன் வைத்தியர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, எடுக்கப் போனால் கை போகும் என்றார். குழலின் வாயில் பூட்டி உதையைக் குறைக்கும் துண்டுக்கும் கழகத்தில் அனுமதி இல்லை, பக்கத்தில் படுத்திருப்பவரின் காது போய்விடும். ஆறரை மில்லிமீற்றர் தோட்டாவைத் தெரிவுசெய்தோம். நீண்டு மெலிந்த ரவை, காற்றுக்கு அதிகம் அசையாது, உதை குறைவு.

துவக்குச் செய்பவர் எழுபது வயது வெள்ளைக்காரர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலை செய்கிறார். தையற்காரரைப் போல மச்சானின் முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்தார். கழுத்தை அளந்தார். தோளில் கை வைத்தபோது மச்சான் அரை அங்குலம் பின்வாங்கினார். கிழவர் அதைக் கவனித்தார். குறிப்பேட்டில், தோளில் பதியும் அடிக்கட்டையின் முனைக்கு ஒரு அங்குலத் தடிப்பில் ரப்பர் என்று எழுதினார். குழல் வர மூன்று மாதம் ஆகும் என்றார்.

சனிக்கிழமைகளில் நாங்கள் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடும் கராஜ் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவருடையது. எங்களில் முதலில் இந்த நாட்டுக்கு வந்தவர் அவர், எல்லாருக்கும் அண்ணை. அடுத்த சனிக்கிழமை அவர் கேட்டார்:

"என்ன தம்பி, ஆறரையாமே? பெரிசு ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"காத்துக்கு நல்லம் அண்ணை. இப்ப கனபேர் அதுதான் பாவிக்கினம்," என்றார் மச்சான்.

உண்மைதான், ஆனால் அரைவாசி உண்மை. முழுமையில்லாத செய்தி எனக்குத் திருத்தச் சொல்லிக் கையில் கடிக்கும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்:

"தோளுக்கும் அதுதான் சரி. வலது தோளுக்குள்ள செல் துண்டு கிடக்குதெல்லோ. பெரிசின்ர உதை தாங்காது."

அண்ணை கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப இது பொம்பிளையளின்ர துவக்கு எண்டு சொல்லுங்கோவன்."

பக்கத்துக் கதிரையில் இருந்த மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "அங்க செல்லுக்கு ஓடினவர். இங்க உதைக்கு ஓடுறார்."

"தலகணியும் வைச்சுத் தைச்சுக் குடுப்பினமோ?" என்றார் அண்ணை.

"ரப்பர் வைப்பினம். ஒரு அங்குலம்," என்றேன்.

சிரிப்பு அடங்கக் கனநேரம் எடுத்தது. மச்சானும் சிரித்தார். பிறகு வந்த ஆட்டங்களில் நல்ல சீட்டு இருந்தும் அவர் புள்ளிக்குக் கேள்வி கேட்கவில்லை, மற்றவர்களுக்கு விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"மாத்திச் சொல்லிட்டன். பெரிசு. முந்நூறு மக்னம்."

"அது இரண்டு மடங்குக்கு மேல உதைக்கும்."

"தெரியும். நீர்தானே பட்டியல் போட்டனீர்."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அண்ணையிடம் போய்ப் பேசியிருக்கலாம். இலக்கம் சரியாகச் சொல்லப்பட்டுவிட்டது என்ற திருப்தியோடு ஃபோனை வைத்தேன்.

துவக்கு வந்தது. பழுது சொல்ல முடியாத துவக்கு. கிழவர் நூறு மீற்றரில் தானே சுட்டுப் பார்த்த கடதாசியைத் தந்தார். மூன்று ஓட்டைகளையும் ஐந்து சத நாணயத்தால் மூடலாம். மச்சான் அதைக் கொண்டுபோய்ப் பழகிய முதல் இரண்டு ஞாயிறும் நான் போகவில்லை. சுடுகளத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது தோளிலிருந்து முழங்கை வரை கண்டி நீலம் என்று அவருடைய மனைவி என் மனைவியிடம் சொன்னா. பத்துக்கு ஒன்பது, பத்துக்கு நாலு ஆகியிருந்தது. ரவை எப்போதும் வட்டத்துக்கு வலப்பக்கம் கீழே விழுந்தது. துவக்கில்தான் ஏதோ பிழை என்று மச்சான் கிழவருக்குச் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு கிழவரே வந்தார். அன்றைக்குத்தான் அண்ணையும் மருந்துக்கடைக்காரரும் மடக்குக் கதிரைகளும் ஒரு தட்டு ரோல்ஸுமாகப் பார்க்க வந்திருந்தார்கள். கழகத் தலைவரும் பின்னால் நின்றார். ஐந்து பேரின் பட்டியலை அந்த வாரம் கொடுக்க வேண்டும்.

கிழவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் ஐந்து தோட்டாக்கள் தந்தார். ஒன்று வெற்று, உள்ளே வெடிக்கும் மருந்து எதுவும் இல்லை. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொன்றாகத் துவக்கில் வைத்துக்கொடு, எது எப்போது என்று அவனுக்குச் சொல்லாதே, பிழை துவக்கிலா ஆளிலா என்று தெரிந்துவிடும் என்றார். இவ்வளவு பேருக்கு முன்னால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள எனக்கும் விருப்பமாக இருந்தது.

மச்சான் பாயில் குப்புறப் படுத்தார். நான் பக்கத்தில் முழந்தாளிட்டேன். முதல் மூன்றும் வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு அவருடைய உடம்பை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளியது. நாலாவதாக வெற்றுத் தோட்டாவை வைத்தேன்.

டிக் என்று ஒரு சத்தம் மட்டும். வெடியில்லை, உதையில்லை. ஆனால் மச்சானின் முழு உடம்பும் துள்ளியது. கண் இறுக மூடியிருந்தது, வாய் கோணியது, குழலின் முனை நிலத்தைப் பார்த்துக் குத்தியது. கன்னத்தில் அறை விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளையின் முகம். வராத உதைக்கு அவர் முழுதாக விலகியிருந்தார்.

அண்ணையின் குரல் முதலில் வந்தது. "ஐயோ, வெடிக்காததுக்கே விழுந்திட்டார்!"

மருந்துக்கடைக்காரர் ரோல்ஸைப் புரையேற்றிக்கொண்டு சிரித்தார். கழகத் தலைவர் சிரிக்கவில்லை. கிழவரைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு நடந்து போனார். பட்டியல் அந்த இடத்தில் முடிந்தது.

மச்சான் எழும்பவில்லை. கன்னத்தை அடிக்கட்டையில் வைத்தபடி கேட்டார்:

"நீரோ வைச்சனீர்?"

"ஓம்."

"மற்றதையும் வையும்."

ஐந்தாவதை வைத்தேன். சுட்டார். அது பலகையிலேயே படவில்லை. எழுந்து பாயைச் சுருட்டினார், துவக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். ஆறரைக் குழல் மாற்றித் தரலாம், இந்தப் பழக்கத்தைப் போக்க ஒரு வருடம் ஆகும், ஆனால் போகும் என்று கிழவர் சொன்னார். மச்சான் நன்றி சொன்னார். அதன் பிறகு அவர் சுடுகளத்துக்கும் போகவில்லை, கராஜுக்கும் வரவில்லை.

முந்நூற்றி நாலு நடக்கிறது. துருப்புச் சீட்டை ஓங்கி அடிக்க முன்னம் அண்ணை கண்ணை இறுக மூடி, வாயைக் கோணி, கதிரையில் துள்ளிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். போன கிழமை புதிதாக வந்த ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் கதையைத் தொடங்கினார்.

"மூண்டாவது வெடிக்கு..." என்றார்.

"மூண்டாவது இல்லை," என்றேன். "நாலாவது."