பெரட்டில் குரல் கொடுத்தவள்

இது நடந்தது. கேட்டவரெல்லாம் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதை இல்லை. 1983, ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. பேய்க் கதை என்றதும் அமாவாசை, நாய் ஊளை என்று நீங்கள் தயாராகியிருப்பீர்கள். அதெல்லாம் இதில் கிடையாது. பட்டப்பகல். மணி 4.10. சுற்றிலும் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் மாம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

உடையப்பன் இதை என்னிடம் சொன்னபோது ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் அப்படி.

அவர் ஈப்போவில் லோரி ஓட்டுகிறவர். அதற்கு முன் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்குகிறவர். தோட்டத்தில் விடியுமுன்னே எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். மண்டோர் கூப்பிட்டதும் ஆள் “இருக்கேங்க” என்று குரல் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் கோடு விழும். கோடு விழாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

ஒருத்தி வரப் பிந்தினால் அவளுடைய கூட்டாளி அவளுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிடுவாள். இது மண்டோர்களுக்குத் தெரியாத ரகசியமா என்ன? அதனால்தான் அவர்கள் தலை நிமிரமாட்டார்கள். நிமிர்ந்தால் பார்க்க வேண்டிவரும், பார்த்தால் கேட்க வேண்டிவரும். உடையப்பனும் புத்தகத்தைப் பார்த்தபடியே கூப்பிட்டு, புத்தகத்தைப் பார்த்தபடியே கோடு போடுவார். தோட்டத்தை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாணத்துக்கு வேன் பிடித்தாலும் துண்டுக் காகிதத்தில் பேர் எழுதி, பென்சிலை எடுத்துவிடுவார். வீட்டில் எல்லாரும் கேலி செய்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஏற்பாடு செய்தது ஓர் ஆற்றுப் பயணம். தங்கை வீரம்மாவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். பையனின் அப்பா பழனியப்பன் ஈப்போவில் கிராணி, அதாவது குமாஸ்தா, நறுக்கென்று பேசுகிற மனிதர். இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. பள்ளி விடுமுறை வேறு. பிள்ளைகளோடு மலைப்பக்கம் நடந்துபோய், தெப்பத்தில் ஆற்றோடு இறங்கி வரலாம் என்று உடையப்பன் அவரைக் குடும்பத்தோடு அழைத்தார். நம் குடும்பமும் சளைத்ததில்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய பழைய தோட்டத்துக்குப் பின்னால் அந்த ஆறு இரண்டு சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே புகுந்து வருகிறது. தோட்டத்து ஆட்கள் அந்த இடுக்குக்கு வாசல்பாறை என்று பேர் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. உள்ளே குளுகுளுவென்று இருக்கும். காலை 10.30க்குக் கீழ்த்துறையில் லோரியையும் பழனியப்பனின் வேனையும் நிறுத்திவிட்டு, பழைய தோட்டப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தார்கள். மேல்துறையில் கூழாங்கல் மேடு. முந்தின நாளே அங்கே இரண்டு தெப்பம் கட்டி வைத்திருந்தார். காற்றடித்த லோரி டியூப்கள், அதன்மேல் மூங்கில். சாப்பாடு முடிந்தது. பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரமாட்டேன் என்றன. பழனியப்பன்கூடக் கால்சட்டையை மடித்துவிட்டு ஆற்றில் நின்றார். உடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

3.15க்கு மலைக்கு மேலே வானம் கறுத்தது.

அப்போது அவர் மனைவி காளியம்மாவிடம், மாப்பிள்ளை வீட்டுச் சட்டிகளையெல்லாம் கழுவிக் கொடுத்துவிடு என்று சொன்னார். அவள் சட்டிகளோடு ஆற்றோரத்துப் பெரிய பாறைக்குப் பின்னால் போனாள். சொன்னவர் அவர்தான். இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

மழைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று அவசரம். முதல் தெப்பத்தில் ஆறு பேர் போனார்கள். இரண்டாவதில் மீதி ஆட்கள். கடைசியாகக் கழியை ஊன்றித் தள்ளியவர் உடையப்பன். திரும்பிப் பார்த்தார். மேடு காலியாக இருந்தது. காளியம்மா முதல் தெப்பத்தில் போயிருப்பாள் என்று நினைத்தார். முதல் தெப்பத்து ஆட்கள், அவள் புருஷனோடு வருவாள் என்று நினைத்தார்கள்.

நாற்பது நிமிஷத்தில் கீழ்த்துறை. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டே இறங்கின. உடையப்பன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நின்றார். மற்ற எல்லாரும் அவருக்கு முன்னால், வண்டிப் பக்கம்.

ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் வேடிக்கையாகக் குரல் கொடுத்தார்கள். ஒவ்வொரு கோடாக விழுந்தது.

கடைசிப் பேர். சொந்த மனைவி என்பதால் கடைசியில் எழுதியிருந்தார்.

“காளியம்மா.”

தண்ணீர்ச் சத்தம்.

ஒரு நொடி… இரண்டு நொடி…

“இருக்கேங்க…”

அதன் பிறகு ஒரு சின்ன இருமல். தண்ணீர் புரையேறினால் வருமே, அந்த மாதிரி.

குரல் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஆற்றுப் பக்கத்திலிருந்து.

அது காளியம்மாவின் குரல் இல்லை. எட்டு வருஷம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியாதா? அவள் ஒருநாளும் “இருக்கேங்க” என்று சொன்னதில்லை. “எங்க போயிடப் போறேன், இங்கதான் கிடக்கேன்” என்றுதான் சொல்வாள். உடையப்பனின் பென்சில் காகிதத்தில் நின்றது. திரும்பியிருக்கலாம். தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும்.

அதே நேரம் பழனியப்பன் வாய்விட்டுச் சொன்னார்: “மண்டோர் கை இன்னும் அப்படியே இருக்குலா, தம்பி.”

அந்தப் பாராட்டில் மனுஷன் மயங்கிவிட்டார். சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் எதையாவது கேட்டு, எல்லாரையும் நிறுத்தி, மழையில் நனையவிட்டு… வேண்டாம் என்று பட்டது. குனிந்தபடியே கோடு போட்டார்.

பதின்மூன்று பேர். பதின்மூன்று கோடு. மணி 4.10.

பெண்கள் பெரும்பாலும் வேனில், மற்றவர்கள் லோரியில். ஆறு வயது மகள் லோரி முன்சீட்டில், வீரம்மா மடியில் தூங்கிவிட்டாள்.

5.05க்குச் சுங்கை சிப்புட்டில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார்கள். பழனியப்பனின் மனைவி வேனிலிருந்து இறங்கி வந்து, காளியம்மா லோரியில்தானே வந்தாள் என்று சாதாரணமாகக் கேட்டார்.

அவள் வேனில் வருகிறாள் என்றிருந்த உடையப்பன் ஓடிப்போய் லோரியின் பின்பக்கம் பார்த்தார். அங்கேயும் இல்லை.

பழனியப்பன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வீட்டுல ஏதும் மனஸ்தாபமா தம்பி? கோவிச்சுக்கிட்டு யார்கூடயாச்சும்… ஏன்னா பேர் கூப்பிட்டப்ப குரல் குடுத்தாங்க. நானும் கேட்டேன்லா.”

அந்தப் பேச்சு உடையப்பனுக்குப் புதிதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே பேச்சை, வேறொரு பெண்ணைப் பற்றி, அவர் கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டு வாயை மூடி இருந்திருக்கிறார்.

அவள் பேர் ராக்காயி. ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள், இருபத்திரண்டு வயது. 1972 நவம்பர் 13, திங்கட்கிழமை. பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டார். குரல் வந்தது, கோடு போட்டார். பெரட்டு முடிந்ததும் பெருமழை. வேலை இல்லை என்று எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவளைக் காணோம் என்று அண்ணன் சன்னாசி அலறியடித்துக்கொண்டு வந்தான். முந்தின இரவு அவள் கூட்டாளி இருளாயி வீட்டில் படுத்திருப்பாள் என்று அவன் நினைத்திருந்தான். உடையப்பன் புத்தகத்தைத் திறந்து கோட்டைக் காட்டினார். காலையில் வந்தாளே என்றார்.

காலையில் வந்தவள் பிறகு எங்கே போயிருப்பாள்? யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்று தோட்டம் முழுக்கப் பேசியது. யாரும் ஆற்றில் தேடவில்லை. புதன்கிழமை கீழ்த்துறையில் உடல் ஒதுங்கியது. ஞாயிறு சாயங்காலமே தண்ணீரில் போயிருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார். துணி துவைக்கப் போனவள். அப்படியானால் திங்கட்கிழமை குரல் கொடுத்தது அவளாக இருக்க முடியாது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, குரலை மட்டும் கேட்டுக் கோடு போட்டேன் என்று உடையப்பன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். புத்தகத்தில் கோடு இருக்கிறதே, டாக்டர் கணக்குத்தான் தப்பு என்று சொல்லி, ஓடிப்போனவள் ஏமாந்து ஆற்றில் விழுந்தாள் என்று ஊர் கதையை மாற்றிக்கொண்டது. சன்னாசி தலை குனிந்து தோட்டத்தை விட்டுப் போனான்.

இருளாயிதான் கூட்டாளிக்காகக் குரல் கொடுத்திருப்பாள். உடையப்பன் அப்படித்தான் முடிவு கட்டினார். பாவத்தில் பாதி அவளுக்கு என்று பதினோரு வருஷமாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

மற்றவர்களைத் தேத்தண்ணிக் கடையிலேயே விட்டுவிட்டு உடையப்பன் லோரியைத் திருப்பினார். பழனியப்பனும் கூட வந்தார். 5.50க்குக் கீழ்த்துறை. அங்கிருந்து டியூபையும் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கிவிட்டது. காலையில் முழங்காலளவு ஓடிய தண்ணீர் செந்நிறமாகப் புரண்டது.

6.55. இன்னும் வெளிச்சம் இருந்தது.

கூழாங்கல் மேடு இல்லை. தண்ணீருக்குள் போயிருந்தது.

பெரிய பாறை மட்டும் நடுவில் நின்றது.

அதன் உச்சியில் காளியம்மா உட்கார்ந்திருந்தாள். கழுவிய சட்டிகள் பக்கத்தில் அடுக்கி இருந்தன.

அவள் அழவில்லை. பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பவள்போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள்.

அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆனால் மழை நின்று ஒரு மணி நேரமாகிக் காய்ந்திருந்த பாறையில்… அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஈரம்.

உடையப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு டியூபில் போனார். பழனியப்பன் மரத்தில் சுற்றி இழுத்துப் பிடித்தார். எப்படிக் கரைக்குக் கொண்டுவந்தார் என்று அவருக்கே நினைவில்லை. கரையேறியதும் காளியம்மா பாறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தப் புள்ளய விட்டுட்டு வந்துட்டோமே?”

எந்தப் பிள்ளை என்று பழனியப்பன் கேட்டார்.

“இவ்வளவு நேரம் என்கூட உக்காந்திருந்துச்சே. இருமிக்கிட்டே இருந்துச்சு, பாவம். நான் உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு. அது சொல்லுச்சு, ‘கத்தாதீங்கக்கா, அண்ணே தேட மாட்டாரு. உங்களுக்குப் பேரு போட்டாச்சு’ன்னு.”

உடையப்பன் அவளுடைய பேரைக் கேட்டாயா என்றார்.

“கேட்டேன். அண்ணனுக்குத் தெரியும்னுச்சு.”

காளியம்மா அந்தத் தோட்டத்தில் இருந்தவள் இல்லை. 1975ல் தஞ்சோங் மாலிமிலிருந்து கல்யாணமாகி வந்தவள். ராக்காயி என்ற பேரையே அவள் கேள்விப்பட்டதில்லை. அன்றாவது உடையப்பன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயத்தில் ஏதோ தோன்றியிருக்கும் என்று சொல்லி மழுப்பினார். பழனியப்பன் பக்கத்தில் நின்றாரே.

மூன்று வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது வாரம் இருளாயியைத் தேடிப் போனார். அவள் சுங்கை சிப்புட் மார்க்கெட்டில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தாள். காலை 9.20. சுற்றிலும் சனம். உடையப்பன் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு ராக்காயிக்கு நீ குரல் கொடுத்ததால்தானே யாரும் அவளைத் தேடவில்லை என்று கேட்டுவிட்டார்.

இருளாயி வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

“நான் அன்னிக்குத் தோட்டத்துலயே இல்லண்ணே.”

உடையப்பன் அவளையே பார்த்தார்.

“லீவு கேட்டா குடுக்க மாட்டீங்கன்னு, சனிக்கிழமையே சொல்லாம கொள்ளாம ஹுத்தான் மெலிந்தாங்குக்குச் சித்தி வீட்டுக்குப் போயிட்டேன். செவ்வாக்கிழமதான் வந்தேன். புத்தகத்துல எனக்கும் பேரு விழுந்திருந்துச்சு. வெளிய சொன்னா எனக்கும் வேலை போயிரும்னு வாய மூடிக்கிட்டேன்.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ராக்காயிதான் சொல்லியிருந்தா. ‘நீ போயிட்டு வா, திங்கக்கிழம உனக்கும் நானே குரல் குடுத்துடறேன்’னு.”

உடையப்பனுக்கு அந்த அதிகாலை அப்படியே முன்னால் வந்து நின்றது. மணி 5.30. ஒரே ஒரு விளக்கு. புத்தகத்தில் அடுத்தடுத்து இரண்டு பேர்.

“இருளாயி.”

“இருக்கேங்க…” ஒரு சின்ன இருமல்.

“ராக்காயி.”

“இருக்கேங்க…” அதே இருமல்.

இரண்டும் ஒரே குரல் என்று அப்போதே அவருக்குத் தெரிந்தது. பனிக் குளிர், இருமுகிறாள் என்று நினைத்தார். கூட்டாளிக்குக் கூட்டாளி குரல் கொடுக்கிறாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். குரல் மிகப் பக்கத்திலிருந்து வந்தது. விளக்குக்கு அடியில், புத்தகத்துக்கு நேர் எதிரே நின்றிருக்கிறாள். புத்தகத்தின்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மழை தொடங்கிவிட்டது என்று நினைத்துச் சட்டைக் கையால் துடைத்தார்.

மழை வந்தது ஆறு மணிக்குத்தான்.

அவர் தலை நிமிரவே இல்லை. குனிந்தபடியே இரண்டு பேருக்கும் கோடு போட்டார்.