நின்ற பேப்பரை ஓட்டியவர்

அந்தப் பத்திரிகை ஆபீசில் அச்சு மெஷினுக்குப் பிளேட் போடும் வேலை பார்த்தவளை எல்லோரும் 'சங்கத்தக்கா' என்பார்கள். மாடியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கம், கீழே அச்சடிக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் என்று இரண்டும் எலியும் பூனையுமாக இருந்த காலம் அது. இவள்தான் படியேறிப் போய், "உங்க எழுத்தும் எங்க மையும் ஒரே தாள்லதானே விழுது? அப்புறம் என்ன பெரிய மாடி?" என்று சண்டை போட்டே ஒன்றாக்கினாள். வாய் அப்படி.

ஆட்களைக் குறைக்கப்போவதாக முதலாளி சொன்னதும் இரண்டு தரப்பும் சேர்ந்து வேலையை நிறுத்தின. பேப்பர் நின்றது. பிறகு ஒரு நாள் காலையில் பேப்பர் வந்துவிட்டது.

கேட்டில் ஒரே ரகளை. "மாடிக்காரங்கதான் வெளியாளக் கூட்டிவந்து ஓட்டிட்டாங்க" என்று மெஷின்காரர்கள் கொதித்தார்கள்.

"அக்கா, சத்தியமா நாங்க இல்ல. இன்னொரு வார்த்தை பேசினாங்கன்னா நாங்க தனியாப் போயிடுறோம்" என்றார் உதவி ஆசிரியர்.

அவள் பேப்பரைப் பிரித்தாள். நடு மடிப்பு பளிச்சென்று இருந்தது. வேறு யார் ஓட்டினாலும் அங்கே கருப்பாக ஈஷும். மடிப்பு விழும் இடத்துக்கு மட்டும் மையைக் குறைத்து ஓட்டுகிறவர் அதே ஆபீசில் மெஷின்காரரான அவள் புருஷன் ஒருவர்தான். திருட்டுத்தனமாக ஓட்டும்போதும் கைப்பழக்கம் விடவில்லை, பாவி மனுஷனுக்கு. ஆஸ்பத்திரியில் மகனோடு இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர்! மகனுக்கு இதயத்தில் ஆபரேஷன். பணம் கட்டாமல் தொட மாட்டோம் என்றிருந்தார்கள்.

சொன்னால் அவரை இனி எந்த அச்சகத்திலும் யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் சங்கம் இங்கேயே இரண்டாகும். அத்தனை பேரையும் முதலாளி ஒவ்வொருவராக வெளியே தள்ளுவார்.

"ஓட்டினது எங்க வீட்டுக்காரர். மாடிக்காரங்க மேல பழி போடாதீங்க" என்றாள்.

உதவி ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

வராந்தாவில் புருஷன் எழுந்து நின்றார்.

"உங்க பேரச் சொல்லிட்டேன்" என்றாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"மடிப்புல."

அவர் மெல்ல உட்கார்ந்தார். "பணம் கட்டிட்டேன். இப்பதான் பையன உள்ள கூட்டிட்டுப் போனாங்க."

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கத்தான் வந்திருந்தாள். ஆனால் மகன் உள்ளே போய்விட்டான் என்று கேட்டதும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு இனி கேட்டில் போய் யார் முகத்தில் விழிப்பது என்றுதான் தெரியவில்லை.