மில் சங்கும் ஆர்டர் ஒன்பதும்

வைகைப் பாலத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மில் சங்கு ஊதியது. அவ்வளவுதான், பாலத்துக்கே சாவி கொடுத்ததுபோல ஆகிவிட்டது. தூக்குவாளிக்காரர்கள் எட்டி நடை போட்டார்கள். வண்டிக்காரர் மாட்டின் வாலைத் தொட்டார். ஆற்று மணலில் வேட்டி உலர்த்திக்கொண்டிருந்தவர்கூட அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையை வேகப்படுத்தினார். இத்தனை பேரை ஓட்டுகிற ஓசை என்னை ஓட்டாதா?

என்னை யாராவது ஓட்டித்தான் ஆகவேண்டும். பி.எல். முடித்துத் தல்லாகுளத்தில் ஒரு சீனியர் வக்கீலிடம் அப்ரண்டிஸாக இருந்தேன். வக்கீலாக வாதாடச் சன்னது வாங்க இன்னும் ஒரே பரீட்சை. சிவில், கிரிமினல் நடைமுறைச் சட்டங்கள். கொட்டாம்பட்டியில் அய்யா முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஒரு தடவ எழுது. தேறலேன்னா வந்து கமலையப் பிடி. மாட்டுக்குச் சட்டம் வேணாம்." கிணற்றடியில் இறைக்கிற மாட்டின் பின்னால் ஆயுசுக்கும் நடப்பதை நினைத்தாலே எனக்குக் கால் பரபரக்கும். ஆனால் புத்தகத்தை எடுத்தாலும் அதே கால்தான் பரபரத்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் ஜன்னல், பிறகு தண்ணீர்ப் பானை, பிறகு தெரு.

என்னோடு இருந்த அப்ரண்டிஸ் நண்பன், பாலத்துக்கு அக்கரையில் கைலிக் கடை வைத்திருந்தவரின் மகன். அதிகாலை வாங்கு சொன்னதும் எழுந்து தொழுதுவிட்டு, கடை திறக்கும்வரை படிப்பான். உனக்குப் பள்ளிவாசல் பொழுதைப் பிரித்துக் கொடுக்கிறது, எனக்கு மில் பிரிக்கட்டும் என்றேன்.

"மாப்ள, மில்லுல சேந்துட்டேன்னு ஊருக்குக் காயிதம் போட்டுராத. உங்க அய்யா சம்பளம் எம்புட்டும்பாரு" என்று சிரித்தான்.

அன்றே அறைச் சுவரில் கரியால் திட்டத்தை எழுதினேன். ஆட்களை எழுப்புகிற சங்குக்கு சிவில். உள்ளே அழைக்கிற சங்குக்குக் கிரிமினல். கோர்ட்டிலிருந்து திரும்பிய பின் ஊதுகிற சங்குக்கு மனு எழுதிப் பழகுவது. அடுத்த சங்கு ஊதிய கணத்தில் இருந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. மறுநாள் புதுப் பகுதி. மில்லில் அப்படித்தானே? சங்கு கேட்டதும் நான் புத்தகத்தை மூடுகிற வேகத்தில் கீழ்வீட்டம்மா குரல் கொடுப்பார்: "தம்பி, புத்தகத்தப் படிக்கிறீகளா, அடிக்கிறீகளா?" எனக்கோ பெருமை தாங்கவில்லை. அரைச் சட்டத்தைப் பறந்து கடந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் மகால் கோர்ட்டில், தூண்களுக்கு நடுவே, சீனியர் ஒரு கட்சிக்காரரோடு நின்றார். அவனியாபுரத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி. காளை கட்டறுத்துக்கொண்டு ஓடியதில், அதைத் தேடிப்போய் வாய்தாவைத் தவறவிட்டவர்.

சீனியர் என்னைப் பார்த்தார். "பிரதிவாதி வரல. என்ன ஆகும்?"

"எக்ஸ்பார்ட்டி டிக்ரி, சார். அவரு இல்லாமலே தீர்ப்பு. சிவில்ல ஆர்டர் ஒன்பது."

"ஆயிருச்சு. இப்ப வந்து நிக்கிறாரு. என்ன செய்யலாம்?"

அந்தப் பக்கம் கண்முன் வந்தது. வலப்பக்கம், நடுவரி. அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் சங்கு ஊதியிருந்தது.

"தம்பிக்கும் காளை ஓடிப்போச்சோ?" என்றார் சம்சாரி.

"தகுந்த காரணம் காட்டி டிக்ரிய ரத்து பண்ணச் சொல்லி மனுப் போடலாம் சார். முப்பது நாளுக்குள்ள" என்றான் பக்கத்தில் நின்ற நண்பன், என் முகத்தைப் பார்க்காமல்.

"பரீட்சைத் தாள்ல பாதிக் கேள்வி கேக்க மாட்டான்யா" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சீனியர் உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் படித்ததையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். எங்கும் அதே கதை. ஜாமீன் கொடுக்கத் தெரிந்தது, ரத்துசெய்யத் தெரியவில்லை. ஜப்தி செய்யத் தெரிந்தது, விடுவிக்கத் தெரியவில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. சுவரை ஈரத்துணியால் தேய்த்தேன். கரி இன்னும் பரவியதுதான் மிச்சம். அறையில் இருப்புக் கொள்ளாமல் நண்பனின் கடைக்குச் சைக்கிளை விட்டேன். போகிற வழியிலேயே அடுத்த யோசனை வந்துவிட்டது.

"இனி நேரக்கணக்கு வேணாம் மாப்ள. ஒரு வழக்க எடுப்போம். நான் வாதி, நீ பிரதிவாதி. பிளெயின்ட்னு முதல் மனுப் போட்டதுலருந்து டிக்ரிய நிறைவேத்துற வரைக்கும் ரெண்டு பேரும் எந்திரிக்கக் கூடாது."

"எதுக்கு வழக்கு?"

"உங்க கடைக் கைலி சாயம் போயிருச்சு."

"எங்க கைலியாவது, சாயம் போறதாவது!"

"அத எழுத்துமூலமாச் சொல்லு."

சற்று யோசித்தான். "நாளைக்கு விடியத் தொழுதுட்டு வந்து கடைய உள்பக்கமாத் திறந்து வைக்கிறேன். யாவாரத்துக்கு அத்தா வர்றதுக்குள்ள முடிக்கணும். இல்லேன்னா வாதி, பிரதிவாதி ரெண்டு பேரையும் டிஸ்மிஸ் பண்ணிருவாரு."

முதல் சங்கு ஊதும்போது நாங்கள் வழக்கின் நடுவில் இருப்போம். என் கால் எழத்தான் பார்க்கும். அதனால் நாளைக்குச் சுவரோரமாக, அவனைத் தாண்டாமல் வெளியே வர முடியாத இடத்தில் உட்காரப்போகிறேன்.