மாரிமுத்து இறக்கி வைத்த கம்பி

“ரெண்டு வெரல் இல்லாதவன் கிட்டார் வாசிக்க வழி இருக்கா சேர்?” என்று மாரிமுத்து ஒருமுறை என்னிடம் கேட்டார். மாத்தளையில் ஒரே பாடசாலையில் வேலை செய்தோம். நான் விஞ்ஞான ஆசிரியர், அவர் ஆய்வுகூட உதவியாளர். இளவயதில் வில்கமுவவில் நெல்லடிக்கும் இயந்திரம் அவருடைய இடது கை விரல்கள் இரண்டைக் கொண்டுபோயிருந்தது. “கஷ்டந்தான்” என்றேன். சென்ற வாரம் நாவுலயிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில், “அப்பா போயிட்டாரு சேர்” என்றபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பதில்தான்.

அவர் என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. பிஸ்கட் டின்னில் பலாக்கட்டையைப் பொருத்தி, நான்கு கம்பிக் கிட்டார் ஒன்றைத் தானே செய்தார். முதலில் தங்கூசி கட்டினார். “இது மீன் புடிக்கத்தான் சேர் லாயக்கு.” பிறகு சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துக் கட்டினார். “இதுக்கு நிப்பாட்ட மட்டுந்தான் சேர் தெரியும்.” கடைசியில் கிட்டார் கம்பிப் பாக்கெட் ஒன்று வாங்கி, ஆறில் மிகத் தடித்ததையும் மிக மெல்லியதையும் ஒதுக்கிவிட்டு நடு நான்கையும் கட்டினார்.

அந்த வருட ஆசிரியர் தின விழாவில் அவர் வாசிப்பதாக இருந்தது. அதுதான் முதல் மேடை. முன்வரிசையில் மனைவியும் மகளும். அவர் சட்டை மாற்றப் போயிருந்தபோது, ஓய்வறையில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரை நான் சுருதி காட்டும் கைபேசிச் செயலியால் சோதித்தேன். நான்கில் தடித்த கம்பி ‘ஜி’ சுரம் காட்டியது. பாக்கெட்டில் அதற்கு ‘ஏ’ என்று போட்டிருந்தது. விடைத்தாள் திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? முறுக்கி ஏற்றினேன்.

“ஒரு கம்பி எறங்கிப் போயிருந்துச்சு, சரியாக்கிட்டேன்” என்றேன், அவர் வந்ததும்.

கிட்டாரை ஒரு கணம் பார்த்தார். மீட்டிப் பார்க்கவில்லை. என் முன்னால் அதைச் சோதிப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார். “சேர் தொட்டா சரியாத்தான் இருக்கும்.”

மேடையில் முதல் மீட்டலே அபசுரம். விரலை எங்கே வைத்தாலும் அபசுரம். “என்ன மாரிமுத்து, தவளைக்கா பாட்டு சொல்லிக் குடுக்குறீங்க?” என்று பின்னாலிருந்து ஓர் ஆசிரியர் கத்தினார். மண்டபமே சிரித்தது. அவர் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

மறுநாள் ஆய்வுகூடத்தில் அந்தக் கம்பியைப் பழையபடி இறக்கி, ஒரு விரலும் வைக்காமல் மீட்டிக் காட்டினார். நான்கும் ஒரே குரலாக இணைந்தன. ஒற்றை விரலைக் குறுக்காகப் படுக்கவைத்து மேலும் கீழும் நகர்த்தினால் ஒரு பாட்டுக்கு அதுவே போதும். தன் கைக்கு அவர் கண்டுபிடித்த வழி அது. ஒலியைப் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு அது தெரியவில்லை. “யாருகிட்டயும் சொல்லாதீங்க சேர், உங்களுக்குத்தான் கேவலம்” என்றார். நானும் சொல்லவில்லை. ஒருமுறைகூட. அதன்பின் அவர் பாடசாலைக்குக் கிட்டாரைக் கொண்டுவரவேயில்லை.

மரண வீட்டில் அந்தத் தவளைக் கதையை மறுபடி சொல்லிச் சிரித்தார்கள், பாசமாகத்தான். மகள் என் பக்கத்தில் வந்து கேட்டார்: “அப்பாவுக்கு சுதி சேர்க்கவே தெரியாதா சேர்?” அப்போதும் நான், “ரொம்ப நல்ல மனுசன்ம்மா” என்றுதான் சொன்னேன்.

அவரை அறிந்தவர்களே, நீங்கள் சிரித்தது என் பிழையைக் கேட்டு. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, எனக்காக அவர் இத்தனை வருடம் சுமந்த அந்தச் சிரிப்பு. இந்தக் குறிப்பின் முதல் பிரதி அவருடைய மகளுக்குப் போகிறது.

வீட்டில் கிட்டார் உள்ளவர்கள், மிகத் தடித்ததற்கு அடுத்த ஐந்தாம் கம்பியை ‘ஏ’யிலிருந்து ‘ஜி’க்கு இறக்கி, நடு நான்கு கம்பிகளை மட்டும் விரல் வைக்காமல் மீட்டிப் பாருங்கள்.