கடப்பாவிலிருந்து சேலம், ஐம்பத்தைந்து நிமிடம்

சபரிநாதன் பதினாறு வருடமாக ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று மண்ணைப் பார்த்தே அடித்துச் சொல்லுவான்; பாதி இடத்தில் புழுதிதான் வரும், ஆனாலும் அவன் வாய் ஓயாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் யாரும் கேட்காமலே சொல்லுவான்.

எடப்பாடியில் அவன் அக்கா மைதிலியின் மகள் நித்யஸ்ரீக்கு ஞாயிறு காலை பத்தரைக்குக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் இவன்தான். “ரிக்குக்காரனை நம்பி நாள் குறிக்கிறயே, வருவானா?” என்று மைதிலியின் மாமியார் குஞ்சம்மாள் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். “எந்தம்பி வருவானுங்க” என்று மைதிலியும் வாய் கொடுத்துவிட்டாள்.

அந்தத் தம்பி ஆந்திராவில், கடப்பாவில் வேலையில் இருந்தான். சனிக்கிழமை மத்தியானம் கூட வேலை செய்தவர்கள் வேன் பிடித்து ஊருக்குக் கிளம்பினார்கள். இவன் ஏறவில்லை. செல்போனில் ஓர் இணையப் பக்கத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். கடப்பா விமான நிலையம், சேலம் விமான நிலையம்: தூரம் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம். அக்காவின் மாமியார் வீட்டார் வாயைப் பிளக்க வானத்திலிருந்து போய் இறங்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

“ஏழு மணிக்கு ஏறுனா எட்டு மணிக்குச் சேலம்க்கா. இட்லி ஊத்தி வெய்யி” என்று மைதிலிக்குப் போன் போட்டான்.

“டிக்கெட் எடுத்துட்டியா சாமி?”

“அங்க போயி எடுத்துக்கலாம். பஸ்ஸுக்கெல்லாம் முன்னாடியேவா எடுக்கறோம்?”

ஞாயிறு காலை புதுச்சட்டையும் சீர்ப் பையுமாக விமான நிலைய வாசலில் போய் நின்றான். சேலத்துக்கு இங்கிருந்து விமானமே கிடையாது என்றார் காவலர். சபரிநாதன் செல்போனை நீட்டினான். அவர் நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

“தூரம்தானே போட்டிருக்கு? விமானம் விடுறதா எங்க போட்டிருக்கு?”

எங்கேயும் போடவில்லை. காக்காய் பறந்தாலும் அதே தூரம்தான். சபரிநாதன் செல்போனைத் திரும்ப வாங்கினான். அக்காவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னான். “காரைப் புடிச்சு வா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வாடகைக் கார் எடப்பாடிக் கோயிலுக்கு வந்து சேரும்போது மாலை ஐந்து மணி. விருந்து முடிந்து சனம் கலைந்திருந்தது. காது குத்த வந்த ஆசாரி தூணில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பங்காளி ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று மத்தியானம் வரை எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்; மைதிலி பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவே இல்லையாம்.

“இப்ப ராகுகாலம். ஆறு மணிக்கு மேல பாக்கலாம்” என்றாள் குஞ்சம்மாள்.

“எந்தம்பி வந்த நேரந்தானுங்க நல்ல நேரம்” என்று மைதிலி ஆசாரியைத் தட்டி எழுப்பினாள்.

பிள்ளையைக் கொண்டுவந்து தம்பி மடியில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. அதற்குள் மாமன் ஓவென்று அழுதுவிட்டான். இத்தனை பெரிய ஆள் அழுவதைப் பார்த்த பிள்ளை தன் அழுகையை மறந்து அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார்.