சின்னத் தொட்டிக்குச் சின்ன மீன்

வீட்டோடு மாப்பிள்ளையாகக் குற்றாலத்துக்கு வந்தவனுக்கு வேலைக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வராது. ஆதித்தனைக் கேட்டால் தெரியும். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் மச்சான் நம்பிராஜனின் லாட்ஜில் ஆள் நிற்க இடமிருக்காது. பஸ் ஸ்டாண்டில் ஆள் பிடிக்க, தென்காசிக்குப் போய்க் காய்கறி எடுத்துவர, ரூமில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவனைச் சமாதானப்படுத்த, எல்லாவற்றுக்கும் "மாப்ளே, கொஞ்சம் பாரும்"தான். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. சொந்த மனுசனுக்கு என்ன சம்பளம்? சோறு போடுகிறார்கள், பின்கட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள், தீபாவளிக்கு வேட்டி சட்டை. அந்த வேட்டியை உடுத்தும்போது அவனுக்கு உடம்பு கூசும்.

கீழப்பாவூர்க்காரன். கல்யாணமான புதிதில் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்து ஆபீஸில் வேலை பார்த்தான். எழுபத்தொன்பதில் ஆபீஸை இழுத்து மூடினார்கள். "வேற வேலை கெடைக்கிற வரைக்கும் எங்க அண்ணன் வீட்டுல இருப்போம்" என்றாள் மனைவி இராமலட்சுமி. வந்தார்கள். அவ்வளவுதான், அப்புறம் யாரும் வேறு வேலையைப் பற்றிப் பேசவில்லை. லாட்ஜுக்கு ஓர் ஆள் சும்மா கிடைத்தால் யார்தான் பேசுவார்கள்?

எண்பத்துநாலில் கடையநல்லூர் முகம்மது கனி துபாயிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி கொண்டுவந்தார். சீசனுக்குச் சீசன் குடும்பத்தோடு இதே லாட்ஜில் வந்து தங்குகிற மனிதர். கடல் மீன் வளர்க்கிற தொட்டி, மோட்டார், குமிழி விடுகிற குழாய் எல்லாம் சேர்த்து. இரண்டு முழம்கூட இருக்காது. "வீட்டுல மீன் கொழம்பு வைக்கத்தான் இடமிருக்கு, மீன் வளக்க இடமில்லன்னுட்டா. நீங்க தூத்துக்குடியில இருந்த ஆளு, வச்சுப் பாருங்க" என்று ஆதித்தன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆதித்தனுக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. லாட்ஜ் வாசலை ஒட்டி ஒரு முன்னறை, உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் தொட்டிகளை வரிசையாக வைத்துக் கடல் மீன் கண்காட்சி நடத்தினால்? அருவியில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் என்ன செய்வதென்று தெரியாமல் குரங்குக்குக் கடலை போட்டுக்கொண்டு அலைகிற கூட்டம், டிக்கெட் எடுத்துப் பார்க்காதா? தென்காசியில் ஒரு வாடகை வீடு பிடிக்கலாம். தன் வேட்டியைத் தானே எடுத்துக்கொள்ளலாம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மச்சானிடம் கேட்டான்.

நம்பிராஜன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "மொதல்ல இந்த ஒத்தத் தொட்டிய வச்சுக் காட்டும். சீசன் முடியுத வரைக்கும் மீனு உசிரோட கெடந்துதுன்னா முன்னறைய நீரே எடுத்துக்கிடும், போம்."

சங்கு குளிக்கிற ஆட்களை அவனுக்குப் பழக்கமுண்டு. தூத்துக்குடிக்குப் போய்க் கரையில் உட்கார்ந்தான். வாளி வாளியாகக் கொண்டுவந்து காட்டினார்கள். வண்ணாத்திப்பூச்சி மாதிரித் தட்டையாக, மஞ்சள் வரி போட்டது ஒன்று. பார்க்கக் கண் கோடி வேண்டும். வேண்டாமென்றான். அது பாறையில் உள்ள பூச்சியைக் கொறித்து வளர்கிறது, அடைத்துப்போட்டால் பட்டினி கிடந்து சாகும். செட்டையை விசிறியாக விரித்துக்கொண்டு ஒன்று நின்றது. அது கூட இருக்கிற சின்னதையெல்லாம் விழுங்கிவிடும். கடைசியில் அவன் எடுத்தது விரல் நீளம்தான்: கறுத்த உடம்பில் வெள்ளைப் பட்டையும் மஞ்சள் வாலுமாக ஒரு ஜோடி, மணலைக் கிளறிச் சுத்தம் பண்ணுகிற சின்ன உளுவை ஒன்று, நீல மீன் ஒன்று. கொஞ்சம் பவளப்பாறைத் துண்டும் கேன்களில் கடல் தண்ணீரும் சேர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

"என்ன மாப்ளே, கொழம்புக்குக்கூட காணாது போலிருக்கே. பெருசா ரெண்டு புடிச்சுப் போடக்கூடாதா?" என்றார் நம்பிராஜன்.

"சின்னத் தொட்டி மச்சான். இதுல நாலு மீனுக்குதான் மூச்சு இருக்கு."

அந்த நாலிலும் அவன் ஒன்றில் ஏமாந்துதான் போனான். நீல மீன் பார்க்கத்தான் சாது. ஒரு பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்ததையெல்லாம் விரட்டி விரட்டிக் கடித்தது. இடமே இல்லாத இடத்தில் ஒருத்தன் மட்டும் முதலாளியாக இருந்தால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? கறுப்பு ஜோடி மூலையில் ஒடுங்கிக் கிடந்ததைப் பார்க்க ஆதித்தனுக்கு வயிற்றெரிச்சலாக வந்தது. நீலத்தைப் பிடித்து வாளியில் போட்டுத் திரும்பத் தூத்துக்குடிக்கே அனுப்பினான். அப்புறம் தொட்டி அடங்கியது. ஜோடி வெளியே வந்து நீந்தியது.

தொட்டியை லாட்ஜ் வரவேற்பில் வைத்தார்கள். மேலே அவன் கையாலேயே அட்டையில் எழுதி ஒட்டினான்: கை விடாதீர்கள். குற்றாலத்தில் யார் கையில்தான் எண்ணெய் இல்லை? விடிந்தால் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயைப் பூசிக்கொண்டு அருவிக்கு நடக்கிற ஊர். லாட்ஜில் கதவுப் பிடி வழுக்கும், ரூபாய் நோட்டு மினுமினுக்கும். தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்தால் காற்று உள்ளே இறங்காது. ஆதித்தன் சீசன் முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. குற்றாலத்தில் இருந்துகொண்டு அப்படி ஒரு விரதம் யாராவது இருந்திருப்பார்களா?

ஆடி வந்தது. மீன்கள் இருந்தன. அருவியிலிருந்து வருகிறவர்கள் ஈரத்துண்டோடு தொட்டி முன்னால் நின்றார்கள். "யாரு வளக்கது?" என்று கேட்கும்போது ஆதித்தன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்பான், காது மட்டும் அங்கேயே இருக்கும். "நம்ம லாட்ஜு மீனு" என்பார் நம்பிராஜன். போகட்டும், இன்னும் கொஞ்ச நாள்தானே. முன்னறைக் கட்டில்களை அவனே வெளியே இழுத்துப் போட்டுச் சுண்ணாம்பு அடித்தான். இராமலட்சுமியும் வந்து எட்டிப் பார்த்தாள். "வீடு பாத்தா கெணறு உள்ள வீடா பாருங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவன் இளகிப் போனான்.

சீசன் முடிகிற வாரம். மெட்ராஸ் கான்ட்ராக்டர் ஒருவர் தங்கியிருந்தார். அவருடைய உறவுக்காரர்களை அழைத்துவர ஆதித்தனைச் செங்கோட்டை ஸ்டேஷனுக்கு அனுப்பினார் நம்பிராஜன். திரும்பி வந்தபோது மழைக்காற்றில் மரம் விழுந்து கரண்ட் இல்லை. மோட்டார் நின்றிருந்தது. கரண்ட் போவது புதிதில்லை. டம்ளரால் மோந்து மோந்து மேலிருந்து ஊற்றினால் மீன்கள் தாங்கும், முன்பும் தாங்கியிருக்கின்றன. ஓடிவந்து குனிந்தான். தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். நல்லெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. செய்தித்தாளை விரித்துப் போட்டு எண்ணெயை ஒற்றி ஒற்றி எடுத்தான். எடுத்து என்ன? உளுவை மணலில் கவிழ்ந்து கிடந்தது. கறுப்பு ஜோடி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, பிறகு அதுவும் நின்றது.

"கரண்டு போனா செத்துப்போற மீன வச்சுக்கிட்டுதான் கண்காச்சி நடத்தப் போனீரோ?" நம்பிராஜன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து கான்ட்ராக்டரோடு நின்றார்.

"கரண்டுனால இல்ல மச்சான். யாரோ எண்ணெக் கைய உள்ள விட்டிருக்காவ."

"யாரு விட்டா? நான் விட்டேங்கியா? ஏலே, மீன் வளக்கத் துப்பில்ல, தங்க வந்தவங்க மேல பழி போடுதியா?"

மாப்பிள்ளையை, சபையில் வைத்து, ஏலே! கான்ட்ராக்டர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். காபித் தட்டோடு இராமலட்சுமி நடையில் நின்றாள். ஆதித்தன் அவளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். தனக்காக வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான், பாவி மனுசன்.

அவன் சுண்ணாம்பு அடித்த முன்னறை நேந்திரங்காய் வறுவல் கடைக்குப் போயிற்று. தொட்டியை நம்பிராஜன் விடவில்லை. மெட்ராஸிலிருந்து பிளாஸ்டிக் மீன்கள் வரவழைத்துப் போட்டார்; குமிழி வரும்போது அதுகள் பாட்டுக்கு மேலே கீழே ஆடும். பழைய கூட்டத்துக்குக் குறைவில்லாமல் ஜனம் நின்று பார்த்தது. பாசி பிடித்தால் கழுவுவது ஆதித்தன்.

எண்பத்தெட்டு சீசனில் ஒரு மத்தியானம், தொட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுவந்து தேய்த்துக்கொண்டிருந்தான். இராமலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பருப்பு வேகவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"அன்னைக்கு அண்ணந்தான் கைய விட்டாவ. அருவிக்குப் பொறப்பட்டு ஒடம்பு பூரா எண்ணெயோட நின்னாவ. அந்த மெட்ராஸ்காரருக்குக் கறுப்பு மீனப் புடிச்சுக் காட்டுதேன்னு முழங்கை வரைக்கும் விட்டு அளாவுனாவ. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

மச்சான்தான் என்பது ஆதித்தன் மனதுக்குள் எப்போதோ தெரிந்ததுதான். அவன் கை நின்றது அதற்காக இல்லை.

"பாத்தியா? அப்பமே ஏன் சொல்லல?"

"நல்லா கேட்டிய. அத்தன பேருக்கு முன்னால கூடப்பொறந்தவர எப்பிடி விட்டுக்குடுக்க?"

"அப்பம் என்னய..." என்று ஆரம்பித்தான்.

"மாப்ளே! கொஞ்சம் பாரும்!" முன்னாலிருந்து சத்தம் வந்தது.

"அண்ணன் கூப்புடுதாவ, போங்க. தொட்டிய நான் கழுவிக்கிடுதேன்" என்றாள் இராமலட்சுமி.

ஆதித்தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.